என் நம்பரில் ஓடியவன்

ஓட்டப் பந்தயத்துக்குப் பணம் கட்டிவிட்டு ஓட முடியாமல் போகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? தங்கள் எண் அட்டையை யாராவது நண்பருக்குக் கொடுத்துவிடுவார்கள். பனியனில் நாலு ஊக்கு போட்டுக் குத்திக்கொள்கிற அந்த அட்டைக்கு எங்கள் மத்தியில் பிப் என்று பெயர். “எனக்குக் கால் வலி, நீ ஓடு” என்று கொடுப்பதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. விதிமுறையில் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். முப்பது வருஷமாக ஆடிட் ஆபீஸில் பொடி எழுத்தைப் படித்தே பிழைக்கிறவன் நான். அதையும் படித்தேன். படித்துவிட்டு, போடா பெரிய விதி என்று தள்ளிவிட்டேன். அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓடுகிற நாலு பேர் படித்தால் போதும்.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. பெயர் ஸ்ரீதரன். மந்தைவெளியில் வீடு, தி. நகரில் ஆபீஸ். சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து அலுத்துப்போய் ஓட ஆரம்பித்தேன். பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒருநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒருவன் வந்து உட்கார்ந்தான். கேட்காமலே என் காலை மடியில் இழுத்து வைத்து நீவிவிட்டான். “ஷூ போட்டுகினு மணல்ல ஓடினா இப்டிதான் சார் ஆவும்” என்றான். அவன்தான் ஏழுமலை. நொச்சிக்குப்பத்துக்காரன், மீன்பிடித் தொழில், என்னைவிடப் பத்து வயது இளையவன். மறுநாள் எனக்குத் துணையாக ஓடினான். அப்புறம் நாலு வருஷம் ஓடினான். கடலுக்குப் போகாத நாட்களில் விடிவதற்கு முன்பே கலங்கரை விளக்கத்துப் பக்கம் வந்து நிற்பான். நான் நாக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவேன். அவன் வெறுங்காலோடு, ஊர்க்கதை பேசிக்கொண்டே பக்கத்தில் ஓடுவான். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவன் மனைவி செல்வி சாலையோரம் மீன் விற்கிறாள். என் வீடு சுத்த சைவம். “நாலு வருசமா சிநேகிதம்ன்றாரு, ஒரு நாளாச்சும் ஒரு கூறு நெத்திலி வாங்கிக்கீறாரா பாரு” என்று போகிற வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பாள்.

குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்ட ஒரு பந்தயம் நடந்தது. மெரினாவில் கிளம்பி, அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகரில் முடிகிற பத்து கிலோமீட்டர். நான் பணம் கட்டியிருந்தேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் குதிகால் வலி வந்து தரையில் கால் வைக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பிப்பை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே செல்வியின் மீன்கடைக்குப் போனேன். ஏழுமலை ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“சும்மா ஓடறதுக்கு துட்டு கட்டுவாங்களா சார்?” என்று பழைய கேலியைத்தான் முதலில் கேட்டான். குழந்தைகளின் ஆபரேஷனுக்குப் போகிற பணம் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை ஓடியும் அவன் நெஞ்சில் ஒரு நம்பர் குத்தி ஓடியதே இல்லை. முகம் மலர்ந்துபோயிற்று.

செல்விதான் குறுக்கே வந்தாள். “சாரே, அது ராத்திரி முச்சூடும் கடல்ல கெடந்துட்டு வந்துகீது. கண்ண மூடல. தொட்டுப் பாரு, ஒடம்பு கொதிக்குது. ஓட்டமாம் ஓட்டம்!”

“ஒரு பாராசிட்டமால் போட்டுத் தூங்கினா காலைல சரியாயிடும்மா” என்று சொன்னேன்.

யார் சொன்னது? நான். ஏதோ மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவன் மாதிரி சொன்னேன். காய்ச்சலோடு, தூக்கமில்லாமல், புழுக்கத்தில் ஓடினால் உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று பிற்பாடு ஐ.சி.யூ. வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிப்பின் பின்பக்கத்தில் ஓடுகிறவர் தன் கைப்பட நாலு விவரம் எழுதவேண்டும். பெயர், ரத்த வகை, ஏதாவது நோய் உண்டா, ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது. நான் முன்பே எழுதிவிட்டேன். ஸ்ரீதரன், மனைவி மைதிலி, அவள் நம்பர். அதை அடித்துவிட்டு உன் விவரத்தை எழுதிக்கொள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பேனா இல்லை. அவன் கை ஈரம். சரி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சாந்தோம் சாலையில் நின்று கை தட்டினேன். கூட்டத்தோடு வந்தவன் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் இருந்த நம்பரைத் தட்டிக் காட்டி, “சார், பாரு சார்!” என்று கத்திக்கொண்டே போனான். புதிதாக ஒரு ஷூ வாங்கிப் போட்டிருந்தான். நான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தோசைக்கு உட்கார்ந்தேன்.

ஆறரை மணி இருக்கும். மைதிலியின் போன் அடித்தது. மைதிலி வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். ஏழு மணி வகுப்புக்கு முன்னால் எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். “உங்கள் கணவர் ரோட்டில் மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்” என்று ஒரு ஆண் குரல். போன மாதம்தான் அவளுடைய சிநேகிதி ஒருத்தி இப்படி வந்த ஒரு போனை நம்பிப் பணத்தைக் கோட்டை விட்டிருந்தாள். மைதிலி என்னைப் பார்த்தாள். என் தட்டைப் பார்த்தாள்.

“நன்னா நடிக்கறேள்! எங்காத்துக்காரர் என் எதிர்க்க உக்காந்துண்டு தோசை சாப்பிட்டுண்டிருக்கார். வேற ஆளப் பாருங்கோ!” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“சபாஷ்!” என்றேன். கட்டை விரலை வேறு தூக்கிக் காட்டினேன்.

பத்து நிமிஷத்தில் மறுபடி ஒரு பெண் குரல். மைதிலி விஷயத்தைக் கேட்கவே இல்லை. “போலீஸ்ல சொல்லிடுவேன்” என்று மிரட்டி வைத்தாள். மூன்றாவது தடவை அடித்ததும் நம்பரையே தடை செய்துவிட்டாள். என் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. சட்னி பேஷாக இருந்தது என்று நான் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. இப்போது தோசை எதிரில் வந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறேன்.

ஏழரைக்குப் போனை எடுத்தேன். எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸப்பில் ஒருவர் எழுதியிருந்தார். ஒன்பதாவது கிலோமீட்டர் கிட்ட ஒருத்தர் சுருண்டு விழுந்துவிட்டார், யாருக்காவது தெரியுமா என்று கேட்டு பிப் நம்பரைப் போட்டிருந்தார். என் நம்பர். “மைதிலி, அந்த போன்...” என்றேன். அவளுக்கு ஒரு வினாடியில் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. செல்வியைச் சுற்றி இருபது பேர். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றதும், “இன்னா சார், இன்னிக்காச்சும் வாங்குவியா?” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தாள். “அதுக்கு இன்னா ஆச்சி?” என்றாள். வஞ்சிரம் வெட்டின கையோடு ஆட்டோவில் ஏறினாள். அடையாறு போகும் வரை கையைக் கழுவவேண்டும், கையைக் கழுவவேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருத்தர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இது ஹீட் ஸ்ட்ரோக். வரும்போது உடம்பின் சூடு நூற்று ஏழு டிகிரி. காய்ச்சல் வேறு, இது வேறு. காய்ச்சலில் உடம்பு தானே சூட்டை ஏற்றிக்கொண்டு தானே இறக்கும். இதில் இறக்கத் தெரியாமல் போய்விடுகிறது. அந்தச் சூட்டில் தசைகள் நொறுங்கி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். ஈரல் கெடும். மூளை வீங்கும். வலிப்பு வந்ததால் தொண்டையில் குழாய் போட்டு, மூச்சு விடும் மெஷினில் வைத்திருக்கிறோம், ஐஸ் வைத்துக் குளிர்வித்திருக்கிறோம், மூன்று நாள் போகவேண்டும் என்றார்.

செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பேசுமா?”

“இப்ப மயக்கத்துல வெச்சிருக்கோம்மா. எழுந்தா பேசுவார்.”

அவள் கண்ணாடிக் கதவுப் பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஜெசிந்தா என்னிடம் வந்து மெல்லக் கேட்டார். “செல்வி யாரு சார்? ட்யூப் போடற வரைக்கும் செல்வி, செல்வின்னு கூப்பிட்டுட்டே இருந்தார். அவர் ஒய்ஃப் பேர் மைதிலின்னு எழுதியிருக்கு. அவங்க போனை எடுத்து எங்களைத் திட்டறாங்க.” எத்தனை மணிக்கு ட்யூப் போட்டீர்கள் என்றேன். ஏழு பத்து என்றார். நான் கணக்குப் பார்க்கிறவன், வேறு என்ன செய்வேன்? ஆறரைக்கு வந்த போன். நொச்சிக்குப்பத்திலிருந்து ஞாயிறு காலையில் ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். ஏழுக்கு முன்னால் செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவன் கண் திறந்து அவளைப் பார்த்திருப்பான். அந்த நேரத்தில் நான் தோசை சாப்பிட்டுக்கொண்டு சபாஷ் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதை நான் செல்வியிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அவன் எழுந்ததும் எல்லோருமாகச் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான்.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே ஒரு கூடம். இரும்பு நாற்காலிகள், ஒரு குடிநீர் மெஷின், சுவரில் ஒலிபெருக்கி. மருந்து வாங்கவோ டாக்டர் பேசவோ கூப்பிட்டால் அதில்தான் அழைப்பார்கள். நோயாளி பெயரைச் சொல்லி ‘அட்டெண்டர்’ என்பார்கள். அதாவது கூட இருக்கிறவர். ஏழுமலை என் பெயரில் சேர்க்கப்பட்டிருந்தான். அவன் மணிக்கட்டுப் பட்டையில் என் பெயர், தலைமாட்டில் என் பெயர், ரத்தப் பரிசோதனைக் குப்பிகளில் என் பெயர். பெயரை மாற்ற ஆதார் வேண்டும், நான் எழுதிக் கொடுக்கவேண்டும், போலீஸுக்கும் தகவல் போகவேண்டும் என்றார்கள். இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை “ஸ்ரீதரன் அட்டெண்டர்” என்று கூப்பிடும்போதெல்லாம் செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மைதிலி தயிர்சாதம் எடுத்துக்கொண்டு வந்தாள். செல்வியை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. நாலு நாற்காலி தள்ளி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்தாள். “ஸ்ரீதரன் அட்டெண்டர்” என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. பெண்டாட்டி இல்லையா, பழக்க தோஷம், மைதிலி எழுந்துவிட்டாள். செல்வியும் எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மைதிலி சட்டென்று உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் ஆயுசில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

செல்வியின் தம்பி முரளி அன்று சாயங்காலம் என்னைப் படிக்கட்டில் பிடித்தான். “இன்னா சார், உன் நம்பர மாட்டிவுட்டு அவன ஓடவுட்டுட்டு நீ ஊட்ல குந்திகினு துன்னுகினு இருந்தியா?” என்று சட்டையைப் பிடித்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்வி மேலிருந்து, “உடு முரளி. அவரு இன்னா வேணும்னா செஞ்சாரு?” என்று குரல் கொடுத்தாள். அவன் என் சட்டையை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதான்.

பந்தயம் நடத்தியவர்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஓடுகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, ஆனால் பதிவு செய்தவருக்குத்தான் என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். அரசு காப்பீட்டு அட்டை கொஞ்சம் தாங்கியது. குப்பத்தில் வசூல் செய்தார்கள். மிச்சத்தை நான் கட்டினேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

செவ்வாய்க்கிழமை சிறுநீர் நின்றுவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவது. செல்விக்கு அதைப் புரியவைக்க நான் திண்டாடினேன். “கழுவி கழுவி ஊத்தறாங்களா? சரி, நல்லா கழுவட்டும்” என்றாள். ஒருவருக்குத்தான் உள்ளே அனுமதி, காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி. அவள் போனால் அவன் காதுக்கிட்டே வாயை வைத்து ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு வருவாள். யார் படகில் எவ்வளவு மீன், யார் வீட்டில் சண்டை. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டைத்தான் பாடுவாள். “எனக்கு ஒண்ணியும் வாணாம் சார். ஒரே ஒரு வாட்டி பேர சொல்லி கூப்புடட்டும். அப்பால கை கால் வெளங்கலன்னாலும் நான் தூக்கி வச்சி சோறு ஊட்றேன். எம்பேர சொல்லி ஒரு வாட்டி.”

அந்தக் கூடத்தில் யாரும் யாருக்கும் அந்நியம் இல்லை. சைதாப்பேட்டையிலிருந்து மாமனாரைச் சேர்த்திருந்த ஒரு அம்மாள் செல்விக்குத் தன் போர்வையைக் கொடுத்தாள். ஜெசிந்தா தன் பங்கு டீயைக் கொண்டுவந்து செல்வியிடம் வைத்துவிட்டுப் போவார். மைதிலி தினமும் சாப்பாடு அனுப்பினாள். தானே வரமாட்டாள், என்னிடம் கொடுத்தனுப்புவாள். மூன்றாம் நாள் தயிர்சாதத்தைப் பார்த்து செல்வி, “உங்கூட்டு சோறத் துன்னு துன்னு என் நாக்கே செத்துப்போச்சி சார். இத எப்டி நீ ஐம்பது வருசமா துன்ற?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, தன் மேலேயே. டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பாட்டு வகுப்பு இல்லை. வாரம் முழுக்கவே பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மைதிலி விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்னா, ஒண்ணு சொல்லணும்” என்றாள். “ரெண்டாவது தடவை போன் வந்துதே, அந்தப் பொண்ணு பேசறச்சே பின்னாடி ஒரு குரல் கேட்டுது.”

“என்ன குரல்?”

“செல்வீன்னு கூப்பிட்டார். ரெண்டு தடவை. நான் பின்னாடி யாரையோ நடிக்க வெச்சிருக்கான்னு நெனச்சிண்டேன். எவ்ளோ நன்னா நடிக்கறான் பாருன்னு மனசுக்குள்ள சொல்லிண்டேன்.” புடவைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டாள். “அது காதை விட்டுப் போகமாட்டேங்கறது. சுருதியோட நிக்கறது. நான் எப்படி அந்தப் பொண்ணு முகத்தைப் பார்ப்பேன்?”

நீ என்ன செய்வாய், தப்பு என்னுடையது என்றேன். அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொன்னால் யாருக்கு ஆறுகிறது? போனை நம்பி உடனே வந்திருந்தாலும் சிகிச்சையில் மாற்றம் இருந்திருக்காது என்று அந்தப் பெண் டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நான் மூன்றாவது தடவையும் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக அதையேதான் சொன்னார்.

ஆறாம் நாள் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். மூளை எவ்வளவு விழித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அப்படிச் செய்வார்களாம். சாயங்காலம் உள்ளே போன செல்வி ஓடி வந்தாள். “கண்ண தொறந்துச்சி சார்! என்னயே பாத்துச்சி!” கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். போர்வை கொடுத்த அம்மாள் செல்வியைக் கட்டிக்கொண்டாள். முரளி என்னிடம் வந்து, “கோச்சிக்காத சார்” என்று என் தோளைத் தட்டினான். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண் திறக்கிறது, ஆனால் பார்க்கிறதா என்று தெரியவில்லை, ஈரல் வேலை செய்யவில்லை, ரத்தம் உறையும் சக்தி குறைந்துகொண்டே வருகிறது, நம்பிக்கை ரொம்பக் கொடுக்காதீர்கள் என்றார். வெளியே வந்தேன். செல்வி வாசலில் இருந்த பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் பார்க்கும் இல்லையா என்றாள். நான் ஆமாம் என்றேன்.

எட்டாம் நாள் மூக்கிலும் ஊசி போட்ட இடங்களிலும் ரத்தம் கசிந்தது. ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, மத்தியானம் ஒலிபெருக்கி “ஏழுமலை அட்டெண்டர்” என்று கூப்பிட்டது. சரியான பெயரைத்தான் சொன்னார்கள். மருந்துச் சீட்டுக்கு இல்லை என்று அந்தக் குரலிலேயே எல்லோருக்கும் தெரிந்தது. செல்வி எழுந்திருக்கவில்லை. “நீ போ சார். நான் வரல” என்றாள். அப்புறம் எழுந்து எனக்கு முன்னால் போனாள். உள்ளே அவன் முகத்துக்கிட்டே வெகுநேரம் குனிந்திருந்தாள். கதை சொல்கிறாள் என்று நினைத்தேன். தன் காதைத்தான் அவன் வாயருகே வைத்திருந்தாள்.

குப்பத்திலிருந்து அவன் உடலை எடுத்தார்கள். நான் கடைசிவரை நடந்தேன். குதிகால் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இனிமேலும் பொத்தி வைத்தால் நான் மனுஷனே இல்லை என்று செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நின்றபடியே சொன்னேன். போன் வந்தது, மைதிலி நம்பவில்லை, நான் சபாஷ் சொன்னேன், அப்போது அவனுக்கு நினைவு இருந்தது, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், நீ அப்போது வந்திருந்தால் பார்த்திருப்பாய். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“தெரியும்” என்றாள். “நர்சம்மா ரெண்டாம் நாளே சொல்லிட்டாங்க. நீ எப்ப சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன்.”

ஒன்பது நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, என்னை முரளியிடமிருந்து காப்பாற்றி, எல்லாம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டினாள்.

“அதெல்லாம் வாணாம் சார். மன்னிக்கறது கின்னிக்கறதெல்லாம் எனக்குத் தெரியல. ஒரு நேரம் உம்மேல ஆத்திரமா வருது, ஒரு நேரம் பாவமாக்கீது. நீ வந்துகினு போய்க்கினு இரு, பாப்போம்.”

கடைசியாக மிச்சம் இருந்ததையும் சொன்னேன். போனில் அவன் குரல் மைதிலியின் காதில் விழுந்தது என்று. இது அவளுக்குத் தெரியாது. குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அவுங்க கேட்டாங்களா? எம்பேர?”

“ஆமாம்மா. இரண்டு தடவை.”

“இட்டுகினு வா” என்றாள். “இப்பவே போய் இட்டுகினு வா சார்.”

மைதிலி வரமாட்டேன் என்று அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். செல்வி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவளை உட்காரவைத்தாள். தான் தரையில், அவள் முழங்காலருகில் உட்கார்ந்தாள். நான் வாசல்படிக்கு வெளியே நின்றேன்.

“எப்டி கூப்ட்டுச்சி? கோவமாவா?”

“இல்லம்மா.”

“பயந்துகினா?”

மைதிலி யோசித்தாள். “பயமும் இல்ல. பக்கத்து ரூம்ல யாரோ இருக்கா, கூப்ட்டா வந்துடுவாங்கற மாதிரி இருந்துது.”

“சொல்லேன். அது சொன்ன மாதிரியே சொல்லேன்.”

மைதிலி என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குரலைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு, “செல்வீ... ஏ செல்வீ...” என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முதல் எழுத்தை இழுக்காமல், கடைசியை மட்டும் நீட்டி, அப்படியே ஏழுமலை. நாலு வருஷம் கடற்கரையில் அவன் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன்.

செல்வி அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். “அதான். அப்டிதான் கூப்புடும். கடல்லேர்ந்து வந்து தண்ணி கேக்க சொல்லோ அப்டிதான் கூப்புடும்” என்றாள். “இன்னொரு வாட்டி சொல்லும்மா.”

மைதிலி சொன்னாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் பிசகவில்லை.

“இன்னும் ஒரு வாட்டி.”

“செல்வீ... ஏ செல்வீ...”

“இன்னாய்யா?” என்றாள் செல்வி. “இங்கதான கீறேன்.”